துடுப்பைத் தோளில் வைத்தவர் தலையில் என்ன கட்டியிருந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1741-இல் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை ஜெயித்ததற்கு நட்ட குளச்சல் வெற்றித் தூணில் ராணுவத்தினர் மலர்வளையம் வைக்கும் படத்தை உங்கள் நாளிதழில் பார்த்தேன். வருஷா வருஷம் வருகிற படம்தான். இந்தத் தடவை எனக்கு முன்னால் என் பேரன் பார்த்துவிட்டான். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். தூணில் விரலை வைத்து, "தாத்தா, இந்தச் சண்டையில நம்ம ஆளுங்க என்ன டிரெஸ் போட்டிருந்தாங்க?" என்று கேட்டான். வேறு நேரமாக இருந்தால் "வேட்டிதான் மக்ளே" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்திருப்பேன். அவன் கேட்ட நேரத்தில் என் கையில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குளச்சல்காரர் இருந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் முடிவாகாமல் நின்றுகொண்டிருந்தார். அதனால் பேரனை ஏமாற்ற முடியவில்லை.

கடிதம் கொஞ்சம் நீளம். இடம் இல்லையென்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் தக்கலைக்காரன். அரசுப் பேருந்தில் 33 வருஷம் நடத்துநர். 2023-இல் ஓய்வு. பாதி சர்வீஸ் குளச்சல் வண்டிகளிலேயே போயிற்று. இப்போது வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன ராணுவ பொம்மைகளை ஒட்டி வர்ணம் அடிக்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் மினியேச்சர் என்பார்கள், ஃபிகர் என்பார்கள். என் வீட்டில் பொம்மை. "பேரன் விளையாடுத வயசுல நீங்க விளையாடுதியளா?" என்று கேட்ட என் மனைவி, நவராத்திரிக்குப் பெட்டியிலிருந்து செட்டியாரையும் செட்டிச்சியையும் எடுத்துத் துடைத்து வைக்கும்போது யாரும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன அன்று இரவு எனக்குப் பழங்கஞ்சி.

இது ஓய்வுக்குப் பிறகு பிடித்த பைத்தியம் இல்லை. 1976-இல் என் மாமா குவைத்திலிருந்து லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில், பூப்போட்ட கைலி எல்லாம் பெரியவர்களுக்கு. எனக்கு இரண்டு அட்டைப் பெட்டி. ஏர்ஃபிக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்கள். ஒன்றில் பிரிட்டனின் எட்டாவது படை, மற்றதில் அதை எதிர்த்து வட ஆப்பிரிக்காவில் நின்ற ஜெர்மானியரின் ஆப்பிரிக்கா கோர். அளவு 72-இல் ஒன்று. அதாவது ஒரு ஆள் ஒரு அங்குலம்கூடத் தேற மாட்டான். ஒரு பெட்டிக்குள் நாற்பது பேருக்கு மேல். கூடவே ஹம்ப்ரால் வர்ணம், கட்டைவிரல் பருமனில் தகர டப்பாக்கள். மூடியை ஒரு ரூபாய்த் துட்டை வைத்து நெம்பித் திறக்க வேண்டும். மூடியில் நம்பர் இருக்கும். 33 கறுப்பு, 72 காக்கி, 61 மனுஷத் தோல். இன்றைக்கும் அந்த நம்பர்கள் எனக்கு மனப்பாடம். சொந்த பி.எஃப். நம்பர் மறந்துபோயிற்று.

டர்பன்டைன் என்று ஒன்று இருப்பது தெரியாததால் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவினேன். ராத்திரி சாப்பிடும்போது சோற்றில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கஷ்டப்பட்டு அடித்த வர்ணமோ ஒரு வாரத்தில் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து பாம்புச் சட்டை மாதிரி உரியும். அது என் கைக்குற்றம் என்றே நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். அந்தக் காலத்துச் சிப்பாய்களைப் பாலிதீனில் வார்த்திருக்கிறார்கள், வளைந்து கொடுக்கிற மெழுகு மாதிரிப் பிளாஸ்டிக். அதில் எதுவும் ஒட்டாது. பசையும் ஒட்டாது, வர்ணமும் ஒட்டாது. இப்போது நான் ஒட்டுகிற பெட்டிகளில் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், விறைப்பான பிளாஸ்டிக். அதற்கான பசை இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் ஒட்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. அப்பா பெட்டிகளைப் பரணில் போட்டார். பரீட்சை முடிந்தபின் எடுத்துத் தருவதாகச் சொன்னார். முதல் தடவையில் பாஸாகியிருந்தால் தந்திருப்பாரோ என்னவோ.

நான் ஓய்வு பெற்ற வருஷம் அம்மா தவறினாள். பதினாறாம் நாள் கழிந்து பழைய வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில், உருளிக்கும் உடைந்த பத்தாயப் பலகைக்கும் பின்னால், அந்தப் பெட்டி. எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. உள்ளே ஆட்கள் அப்படியே கிடந்தார்கள். ஓடிக்கொண்டே சுடுகிற ஒருத்தனை எடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தவன் அவன். இரண்டு விரலால் பிடித்ததும் துப்பாக்கி முறுக்கு மாதிரி ஒடிந்தது. கீழே வைக்கலாம் என்று பார்த்தால் முழங்கால் போயிற்று. பாலிதீன் வயதாக ஆக இப்படி மொறுமொறுத்துப் போகுமாம். மேலே ஓட்டுச் சூடு, போதாததற்கு 47 வருஷம். உள்ளங்கையில் காக்கி நிறத்தில் கொஞ்சம் தூள்தான் மிச்சம். அதைத் தட்டிவிட மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அம்மா போனதற்கு அழாத நான் அங்கே பரண் ஏணியில் நின்று அழுதேன் என்று என் மகள் எல்லோரிடமும் சொல்கிறாள். தூசி என்று நான் சொல்வதை யாரும் ஏற்கவில்லை.

அன்றைக்கே புதிய பெட்டி ஆர்டர் போட்டுத் தந்தவளும் அவள்தான்.

இந்தத் தடவை 35-இல் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டேன். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு ஒரு அங்குல ஆளெல்லாம் சரிப்படாது. 35-இல் ஒன்று என்றால் ஆள் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர், தலை ஒரு குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு. கண் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பதிமூன்று வயதில் மூச்சை அடக்காமல் செய்ததை இப்போது மூச்சை அடக்கி, முழங்கையை மேஜையில் ஊன்றி, இரண்டு சுண்டுவிரலையும் முட்டுக்கொடுத்துச் செய்கிறேன். ஆனால் ஒன்று, கை நடுங்கவில்லை. சுங்கான்கடை ஏற்றத்திலும் திங்கள்சந்தை வளைவிலும் நின்றபடியே பில் கிழித்த கை இது. அசையாத மேஜையில்தான் முதல் கொஞ்ச நாள் எனக்கு ஒருமாதிரி இருந்தது.

சாமான்களுக்காக எங்கேயும் போக வேண்டியதில்லை. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களுக்குக் கருவி விற்கிற கடைக்குப் போனால் எல்லாம் உண்டு. முனை கூரான சாமணம், எலிவால் அரம், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். கடைக்காரர் என்ன பட்டறை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ராணுவப் பட்டறை என்றேன். வர்ணம் கேம்லின் அக்ரிலிக். வெளிநாட்டு வர்ணமும் ஐந்தாறு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன், ஸ்பெயினிலிருந்து வருகிற வல்யேஹோ, சொட்டு மருந்துக் குப்பி மாதிரி இருக்கும். அதை நல்ல நாளுக்கு மட்டும் எடுப்பேன். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டில் விட்ட கையோடு தோலாகிவிடும். அதற்கு ஒரு வழி. பழைய டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் வர்ணத்தை விட வேண்டும். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் இளகியிருக்கும். ஆளைப் பிடித்துக்கொள்ள என் கால்சியம் மாத்திரை டப்பா. மூடியில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி அதில் ஆளை நிறுத்தி, டப்பாவைத்தான் பிடிப்பேன். ஆளைத் தொட்டால் விரல் எண்ணெய் பட்டு வர்ணம் பிடிக்காது. பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததும் ஒரு தடவை பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுவதும் இதற்குத்தான். அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும்.

வர்ணத்துக்கு முன்னால் அடிப்பூச்சாக அடிக்கிற ஸ்பிரே பிரைமர் விஷயத்தில் மட்டும் இந்த மாவட்டம் நமக்கு எதிரி. ஆனி மாதம் சாரல் நாளில் அடித்தேன், ஈரக் காற்றில் பனி மூடிய மாதிரி வெளுத்துப்போயிற்று. சரி, மழை விட்டபின் ஆடியில் மொட்டைமாடியில் நின்று அடித்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நம்மை விடுமா? டப்பாவிலிருந்து போன சாம்பல் வர்ணம் முழுக்கப் பக்கத்து வீட்டு வேட்டியில். சிப்பாய் மீது ஒரு பொட்டு இல்லை. வேட்டிக்கு விலை கொடுத்தேன். இப்போது பிரைமரைப் பிரஷ்ஷில்தான் பூசுகிறேன்.

குளச்சல் எப்படி உள்ளே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருஷம் பெட்டியில் வந்ததையே ஒட்டினேன். ஜெர்மன்காரன், அமெரிக்கன், ரஷ்யன். ஒருநாள் எட்டாவது படைப் பெட்டி ஒன்று மறுபடி கிடைத்தது. அந்தப் படையில் நம் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது, 1942-இல் எகிப்தில் எல் அலமெயின் போரில் நின்றவர்கள். சின்ன வயதில் அது தெரியாமல் எல்லோருக்கும் 61-ஆம் நம்பரையே அடித்திருந்தேன். அந்த 61 இளஞ்சிவப்பு. தோல் என்று எழுதியிருந்தது, அடித்தேன். என் கையின் நிறம் அது இல்லையே என்று பதிமூன்று வயதில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இந்தத் தடவை இந்தியச் சிப்பாய்க்கு நிறம் கலக்க உட்கார்ந்தேன். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, துளி யெல்லோ ஆக்கர் என்கிற காவி மஞ்சள். அடித்தளம் நன்றாக வந்தது. வெளிச்சம் படும் இடத்துக்கு வழக்கம்போல வெள்ளை கலந்தேன். ஆள் திருநீறு பூசிய பண்டாரம் மாதிரி ஆகிவிட்டார். நம் தோலுக்கு வெள்ளையைத் தொடவே கூடாது. ஆக்கரும் ஒரு பொட்டு ஆரஞ்சும் சேர்த்து ஏற்ற வேண்டும். நிழலுக்கு அம்பரில் கொஞ்சம் கருநீலம். இதைக் கண்டுபிடிக்க நான்கு தலை வீணாயிற்று.

அந்த நான்காவது தலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், எல் அலமெயின் வரை போகிற நாம் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற போருக்கு ஏன் போகவில்லை என்று நினைத்தேன். உதயகிரிக் கோட்டை என் வீட்டிலிருந்து காலை நடை தூரம். உள்ளே கூரை போன சிறு தேவாலயத்தில் டி லனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கும். இலங்கையிலிருந்து டச்சுக் கம்பெனிப் படையோடு வந்து, 1741 ஆகஸ்டில் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, வட்டக்கோட்டையைக் கட்டி, வலிய கப்பித்தான் என்று பேர் வாங்கி, 1777-இல் இங்கேயே அடங்கிய ஆள். எதிரிக்கே கல்லறை இருக்கிறது. ஜெயித்த பக்கத்து ஆளுக்கு ஒரு முகம் வேண்டாமா?

டச்சு ஆளைச் செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியச் சிப்பாயைப் பித்தான் வரை வரைந்து வைத்திருக்கிறார்கள். மூன்று பக்கம் மடித்த தொப்பி, முழங்கால் வரை தொங்கும் கோட்டு, அதற்குக் கீழே காலுறை, தோளில் தீக்கல் துப்பாக்கி. நாயர் படைவீரனும் ஓரளவு பிடிபடுவான். வாளும் பரிசை என்கிற கேடயமுமாக, மேலுக்குத் துணியில்லாமல் ஐரோப்பியப் பயணிகள் வரைந்திருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் டி லனாய் சரணடையும் படம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். அழகான படம்தான், ஆனால் போர்க்களத்தில் உட்கார்ந்து வரைந்தது அல்ல. அதை நம்பித் துணி தைக்க முடியாது.

எனக்கு வேண்டியவரோ எந்தப் படத்திலும் இல்லை. எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. டச்சுக் கப்பல்காரன் பார்த்துப் பயப்படட்டும் என்று, கடற்கரையில் மீனவர்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு துடுப்பைத் துப்பாக்கி மாதிரித் தோளில் வைக்கச் சொன்னார்களாம். மாட்டு வண்டிகளில் மரத்தடிகளைப் படுக்க வைத்துப் பீரங்கி என்று காட்டினார்களாம். குளச்சல் வண்டியில் இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மீன் கூடையோடு முதல் டிரிப்பில் ஏறும் அம்மாக்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். துடுப்பைத் தோளில் வைத்து நிற்கிற அந்த ஆள், உலகத்தில் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் கிடையாது. அவரைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

அவர் முதலில் ஒரு ஜெர்மன்காரர். வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற வீரர்கள் பெட்டி ஒன்றிலிருந்து வந்தார். மேலுடம்பு வெறும் உடம்பாக இருந்ததால் அவரை எடுத்தேன். கால்சட்டையை பிளேடால் சீவிச் சீவிக் காலாக்கினேன். பூட்ஸைப் பாதமாக்குவதுதான் கொடுமை. பூட்ஸுக்குள் பாதம் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், பிளாஸ்டிக்கில் அது முழுக் கட்டை. அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, குதிகாலைத் திருப்பி, முன்னால் பிளேடு நுனியால் நான்கு கோடு கிழித்தால் ஐந்து விரல். கிழித்தேன். வலது காலில் நான்கு விரல்தான் வந்தது. மணலுக்குள் புதைத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். இடுப்புத் துணிக்கு எம்-சீல், பைப் ஒழுகினால் அடைப்போமே அதேதான். பாக்கெட்டில் வருகிற இரண்டு கட்டியையும் சேர்த்துப் பிசைந்து, விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு மெல்லிசாகத் தட்டி, இறுகுவதற்குள் இடுப்பில் சுற்றி, குண்டூசி முனையால் மடிப்பு இழுக்க வேண்டும். இதே வேலைக்கு வருகிற வெளிநாட்டு மாவுப் பசையை விட இது கொஞ்சம் கரகரப்புதான். கடலில் நனைந்து காய்ந்த துணி வழுவழுப்பாகவா இருக்கும்? எனக்கு அது பொருந்திவிட்டது.

தோல் நிறத்தில் ஒரு சங்கடம் வந்தது. வெளிச்சம் மேலேயிருந்து விழுவதால் தோள், மூக்கு, கன்ன எலும்பு எல்லாம் வெளுப்பாக ஏற்ற வேண்டும் என்பது இந்த வேலையின் விதி. ஆனால் நான் பார்த்த கடல்காரர்களுக்குத் தோள்தான் உடம்பிலேயே கறுப்பு. காலம் காலமாக வெயில் அங்கேதான் அடிக்கிறது. விதியை விட்டேன். தோளைக் கறுப்பாகவே வைத்து, வியர்வைக்கு மேலே ஒரு சொட்டு மினுக்கு வார்னிஷ் தொட்டேன். கண்ணுக்கும் வெள்ளை வைக்கவில்லை. முதலில் செய்த ஆட்களுக்கு எல்லாம் வெள்ளை வைத்துக் கறுப்புப் பொட்டு வைத்து, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறார்கள். கடலைப் பார்த்து நிற்கிறவர் கண்ணைச் சுருக்கித்தான் நிற்பார், ஒரு கறுப்புக் கோடு போதும்.

துடுப்பு செய்தேன். எட்டடி நீளம் என்று கணக்குப் போட்டால் 35-இல் ஒன்றுக்கு ஏழு சென்டிமீட்டர். தென்னை ஈர்க்கில் தண்டு, நுனியில் இலை மாதிரிச் சீவிய மெல்லிய மரத்துண்டு. எனக்கே பெருமையாக இருந்தது. டப்பாவோடு ஒரு பையில் போட்டுக் குளச்சலுக்குப் போனேன், பாஸ் இருக்கிறதே. கடற்கரையில் வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் வண்டியில் வருஷக்கணக்காக ஏறியவர், வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எண்பது வயதிருக்கும். கண்ணாடி போடவில்லை.

"ஆளு கொள்ளாம் சாரே," என்றார். "துடுப்பு நம்மதில்ல. இது ஆத்துல போற வள்ளத்துக்குள்ளதாக்கும். கட்டுமரத்துக்கு நாங்க மூங்கில ரெண்டாப் பொளந்துல்லா வச்சிருந்தோம்."

அப்புறம் கீழே கிடந்த ஒரு கம்பை எடுத்து எழுந்து நின்று தோளில் சாய்த்துக் காட்டினார். கம்பு செங்குத்தாக இல்லை, கொஞ்சம் பின்னால் சரிந்திருந்தது. உள்ளங்கை கம்பின் அடியில். "ஈரத் துடுப்பு கனக்கும். பட்டாளக்காரன் தோக்கு பிடிக்கது மாதிரி நெட்டுக்குத்தா வச்சா தோள் கழண்டு போவும்." நான் ஒட்டியிருந்த கை முழுக்க ஜெர்மன் துப்பாக்கி பிடிக்கிற கை. வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மேலே அறுத்துத் திருப்பி ஒட்டினேன். ஈர்க்கிலைத் தூக்கி எறிந்துவிட்டு மூங்கில் ஊதுபத்திக் குச்சியை நீளவாக்கில் பிளந்தேன். பிளக்கிற வேலை கேட்பதற்கு லேசாக இருக்கும், பதினொரு குச்சி போயிற்று.

அடிமணலுக்குக் கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிற கலர் மணல் வாங்கினேன். அப்படியே போட்டால் கெட்டது. அரை மில்லிமீட்டர் மணி ஒன்று 35-இல் ஒன்றில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கல். ஆள் ஜல்லியில் நிற்கிற மாதிரி இருக்கும். மல்துணியில் சலித்து அடியில் விழுந்த பொடியை மட்டும் எடுத்தேன். துணி யாருடையது என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. இடுப்புத் துணிக்கு வர்ணம் அடிக்கும்போது உடம்பில் படாமல் மறைக்க, கடைகளில் ஒரு திரவம் விற்கிறார்கள். திருவட்டாறுப் பக்கம் என் சம்பந்தி வீட்டில் ரப்பர் இருக்கிறது. உறையாமல் இருக்க அமோனியா விட்ட ரப்பர் பால் ஒரு குப்பி வாங்கி வந்து தடவினேன். காய்ந்ததும் தோல் மாதிரி ஆகிவிடும். வேலை முடிந்தபின் சாமணத்தால் ஒரு இழு, அப்படியே உரிந்து வந்துவிட்டது. நாற்றம்தான் தாங்காது. பிரஷ்ஷை முதலில் சோப்பில் முக்காமல் ரப்பர் பாலில் விட்டுவிடாதீர்கள், பிரஷ் அத்தோடு முடிந்தது.

இப்படி வரிசையாக ஒன்பது பேரும் ஒரு மாட்டு வண்டியும் செய்து, கண்ணாடிப் பெட்டி போட்டு, பிள்ளைகள் வந்து பார்க்கிற பொது இடம் எதிலாவது இலவசமாக வைத்துவிடலாம் என்று ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. "பொம்மையா? சில்ட்ரன்ஸ் பார்க்கில் கேளுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வேஷம் சரின்னு எப்பிடிச் சொல்லுதீங்க?" என்று கேட்டார். முதல் ஆளிடம் எனக்குக் கோபம் இல்லை. இரண்டாவது ஆளுக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன். பேரன் கேட்டதும் அவர் கேட்டதும் ஒரே கேள்வி.

ஆகவே உங்கள் வாசகர்களிடம் கேட்கிறேன். குளச்சல், மண்டைக்காடு, முட்டம், கடியப்பட்டணம், வாணியக்குடி பக்கத்துக் குடும்பங்களில் பழைய துடுப்போ, துடுப்பின் படமோ, கட்டுமரத்தில் தாத்தாக்கள் நிற்கிற பழைய போட்டோவோ இருந்தால் ஒரு நகல் வேண்டும். 1741-க்குப் போட்டோ இருக்காது, நூறு வருஷத்துக்கு முந்தியது கிடைத்தாலும் அங்கிருந்து பின்னால் நடந்து பார்க்கலாம். இடுப்பில் கட்டியது கோவணம் மாத்திரமா, மேலே முழத் துணியா? தலையில் துணி உண்டா? உண்டென்றால் எப்படிக் கட்டு, முடிச்சு எந்தப் பக்கம்? வண்டியில் படுக்க வைத்த தடி பனை என்று பாதிப்பேர் சொல்கிறார்கள், தென்னை என்று பாதிப்பேர். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? பாட்டிமார் சொன்ன கதையில் துணியைப் பற்றி, தலைமுடியைப் பற்றி ஒரு வரி வந்தாலும் போதும். களரி ஆசான்கள் வீட்டில் பழைய பரிசை இருந்தால் அதன் குறுக்களவு வேண்டும், நேரில் வந்து அளந்துகொள்கிறேன், டேப் என்னிடம் இருக்கிறது. நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதினால் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று. குவைத்திலிருந்தும் பஹ்ரைனிலிருந்தும் மாமா, சித்தப்பா கொண்டுவந்த இந்த மாதிரிப் பெட்டிகள் நம் மாவட்டத்துப் பரண்களில் இன்னும் கிடக்கும் என்று எனக்கு உறுதி. இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எடுக்கும்போது ஆளைப் பிடிக்காதீர்கள், அடிப்பாகத்தைப் பிடியுங்கள். ஈயத்தில் செய்த பழைய பொம்மையாக இருந்தால் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

முதல் ஆள் தலையைத் தவிர முடிந்துவிட்டார். தலையை உடம்பில் ஒட்டவில்லை. தலைக்கட்டு உண்டா இல்லையா என்று தெரிந்தபின் ஒட்டலாம் என்று தனியாக ஒரு பல்குத்தும் குச்சியில் செருகி, மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முந்தாநாள் மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூக்கு உங்க மாமா மூக்கு மாதிரில்லா இருக்கு" என்றாள். ஜெர்மன் மூக்கை அரத்தால் தேய்த்தபோது யாரை நினைத்துத் தேய்த்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பெயரைப் போட வேண்டாம். டிப்போவில் இன்னும் பழைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
தக்கலை.